விற்ற மறுநாளே கையில் பணம்! பங்கு இனி புரோக்கர் பெட்டியில் தூங்காது

திங்கட்கிழமை ஷேரை விற்றால் செவ்வாய்க்கிழமை பணம். வாங்கினாலும் அப்படித்தான். மறுநாளே பங்கு உங்கள் கணக்கில் வந்து விழுந்துவிடும். இந்தியா முழுவதும் 2023 ஜனவரி 27-ந் தேதி முதல் எல்லா கம்பெனிப் பங்குகளுக்கும் இதுதான் முறை.

அமெரிக்கா இந்த வேகத்துக்கு வந்தது 2024 மே 28-ந் தேதிதான். ஐரோப்பிய நாடுகள் 2027 அக்டோபர் 11-ந் தேதி மாறப்போவதாக நாள் குறித்திருக்கின்றன.

மார்தட்டிக்கொள்ள நல்ல செய்திதான். ஆனால் தி.நகர் கடைக்காரருக்கும், மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகும் குமாஸ்தாவுக்கும் இதில் என்ன இருக்கு? பணம் ஒரு நாள் முன்னே பின்னே வந்தால் குடியா முழுகிவிடும்?

முழுகியிருக்கிறது. விற்றவர் கையை விட்டுப்போய் வாங்கியவர் கைக்கு வந்து சேரும்வரை அந்தப் பங்கு யார் பெட்டியில் கிடக்கிறது? சிக்கலெல்லாம் அந்த நடு நாட்களில்தான்.

காகித காலம்

சென்னை கடற்கரை ரெயில் நிலையத்துக்கு அருகே, செகண்ட் லைன் பீச்சில் சென்னை பங்குச் சந்தை இருந்தது. 1937-ல் தொடங்கியது. 2015-ல் மூடுவிழா நடந்துவிட்டது. அங்கே வியாபாரம் ஓகோவென்று நடந்த நாளில் பங்கு என்றால் காகிதம்தான்.

காகிதத்தோடு கைமாற்றுப் படிவம் வரும். அதில் விற்றவர் கையெழுத்து இருக்கும். வில்லை ஒட்டி, கம்பெனிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். "கையெழுத்து ஒத்துப்போகவில்லை" என்று திரும்பி வரும். சிலது தபாலில் தொலையும். போலிப் பங்கும் புழங்கியது. மாதக்கணக்கில் காத்திருக்கும்போது டிவிடெண்டு பழைய ஆள் பேருக்கே போய்ச் சேரும்! காசு கொடுத்தவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

புரோக்கர்களுக்குள் கணக்குத் தீர்ப்பதும் தினப்படி கிடையாது. பல நாள் வியாபாரத்தைச் சேர்த்து வைத்து ஒரு நாளில் தீர்ப்பார்கள். தீர்க்க முடியாவிட்டால் 'பட்லா' என்று வட்டி கட்டி அடுத்த தவணைக்குத் தள்ளுவார்கள். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிக்கொண்டே போனது, 2001 மார்ச்சில் கல்கத்தாவில் சரிந்தது. புரோக்கர்கள் பணம் கட்ட முடியாமல் கைவிரித்தார்கள். அந்த வருடம் ஜூலையில் பட்லாவுக்கு முடிவு கட்டப்பட்டது.

அதற்கு முன்பே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது. அந்த வருடம் நவம்பரில் மும்பையில் என்.எஸ்.டி.எல். வேலையைத் தொடங்கியது. 1999-ல் சி.டி.எஸ்.எல். வந்தது. பாங்கியில் பணம் எண்ணாக இருப்பது போல, இங்கே பங்கு எண்ணாக இருக்கும். 'டீமேட் கணக்கு' என்பது இதுதான். பொதுமக்கள் இங்கே நேரே போக முடியாது. உறுப்பினர்களாகச் சேர்ந்துள்ள பாங்கிகள், புரோக்கர்கள் மூலமாகத்தான் கணக்கு.

காகிதம் ஒழிந்ததும் வேகம் வந்தது. 2001-ல் ஐந்து நாள், 2002 ஏப்ரலில் மூன்று நாள், 2003 ஏப்ரலில் இரண்டு நாள் என்று குறைந்தது. அதன்பின் 19 வருடம் அப்படியே நின்றது.

கடைசியிலிருந்து ஆரம்பம்

ஒரே நாளாகக் குறைக்கலாம் என்று 2021-ல் 'செபி' சொன்னபோது வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நியூயார்க்கில் பொழுது விடியும்போது மும்பையில் சாயங்காலம். டாலரை ரூபாயாக மாற்றிப் பணம் கட்ட நேரம் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்குக் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. 2022 பிப்ரவரி 25-ந் தேதி சந்தையிலேயே மிகச் சிறிய 100 பங்குகளுக்கு மட்டும் புதுமுறை வந்தது. பிறகு மாதம் 500 பங்குகளாகச் சேர்த்தார்கள். பெரிய கம்பெனிகள் கடைசியில் வந்தன. மொத்தம் 11 மாதம். எங்கேயும் வண்டி குடைசாயவில்லை. நகரத்தில் ஒரே ராத்திரியில் ஒருவழிப்பாதையை மாற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்!

ஒருத்தர் ஏமாற்றினால் அடுத்தவர் விழாமலிருக்க நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் நிற்கிறது. விற்பவருக்கு வாங்குகிறவரும் அதுவே, வாங்குகிறவருக்கு விற்பவரும் அதுவே. ஒரு புரோக்கருடைய ஆட்கள் ஒரு கம்பெனிப் பங்கில் ஆயிரம் வாங்கி 900 விற்றிருந்தால், கழித்தது போக 100-க்குத்தான் அவர் கணக்குத் தீர்க்க வேண்டும்.

பூட்டு யார் கையில்?

இவ்வளவு இருந்தும் 2019-ல் ஓட்டை தெரிந்தது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கார்வி என்ற பெரிய தரகு நிறுவனம், வாடிக்கையாளர்களின் பங்குகளைப் பாங்கிகளில் அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. விவகாரம் ரூ.2 ஆயிரம் கோடிக்கு மேல். வாடிக்கையாளர்கள் நம்பி எழுதிக்கொடுத்த பவர் பத்திரம்தான் சாவியாகிப் போனது.

நவம்பர் 22-ந் தேதி செபி தடை உத்தரவு போட்டது. டிசம்பர் 2-ந் தேதி சுமார் 83 ஆயிரம் பேருக்குப் பங்குகள் திரும்பின. கடன் கொடுத்தவர்கள் விடுவார்களா? தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்.

பூட்டுகள் ஒவ்வொன்றாக வந்தது அதற்கப்புறம்தான். 2020 செப்டம்பர் முதல், புரோக்கரிடம் ஜாமீனாக வைக்கும் பங்கு உங்கள் கணக்கிலேயே அடகாக நிற்கிறது. உங்கள் போனுக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்லாமல் அது நடக்காது. 2022 நவம்பரில் பழைய பவர் பத்திரத்துக்குப் பதில், குறிப்பிட்ட காரியங்களுக்கு மட்டும் செல்லும் பத்திரம் வந்தது. விற்கிற பங்கும் தீர்வு நேரம்வரை உங்கள் கணக்கிலேயே பூட்டி நிற்கிறது. வாங்குகிற பங்கு 2025 பிப்ரவரி முதல் புரோக்கர் கணக்கில் இறங்காமல் நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது.

ஒரு நாள் மிச்சமானதைவிட இதுதான் பெரிய லாபம். பத்திரிகைகள் வேகத்தைத்தான் தலைப்பாகப் போட்டன.

உறுப்பினர்கள் முணுமுணுப்பு

சிறு புரோக்கர்களுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. ஒவ்வொரு உத்தரவுக்கும் கம்ப்யூட்டரில் புது ஏற்பாடு, புது ஆள், புது செலவு. "தரகு குறைஞ்சுகிட்டே போகுது, செலவு ஏறிக்கிட்டே போகுது" என்பது அவர்கள் புலம்பல். அடுத்தவர் பணத்தை நாலு நாள் வைத்திருந்த சுகம் போன வருத்தமும் அதில் கலந்திருக்கிறது. என்றாலும் செலவுக் கணக்கு பொய்யில்லை.

இப்போது அன்றைக்கே தீர்வு! 2024 மார்ச் 28-ந் தேதி 25 பங்குகளில், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வெள்ளோட்டம் விட்டார்கள். பகல் 1.30 மணிக்குள் வியாபாரம், சாயங்காலம் 4.30-க்குள் பணம். பிறகு 500 பெரிய பங்குகள் வரை விரிக்க உத்தரவு வந்தது. பெரிய புரோக்கர்கள் தயாராவதற்கு 2025 மே 1 என்று குறித்த தேதி நவம்பர் 1-க்குத் தள்ளிப்போனது. கூட்டம் சேராததில் ஆச்சரியமில்லை. ஒரே பங்குக்கு இரண்டு கடை திறந்தால் ஜனம் எங்கே நிறைய இருக்கோ அங்கேதான் போவான்.

அவசரப்பட வேண்டிய காரணமும் இல்லை. 2022 நவம்பர் 18-ந் தேதி சி.டி.எஸ்.எல். கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் விஷமப் புரோகிராம் புகுந்தது. இணைப்புகளைத் துண்டித்தார்கள். அன்றையத் தீர்வு நின்றது. ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. வெள்ளிக்கிழமை நடந்ததால் சனி, ஞாயிறு கைகொடுத்தது. அதுவே வாரத்தின் நடுவில், அன்றைக்கே தீர்வு என்ற முறையில் நடந்திருந்தால்?

2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டிய டீமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டின. இவ்வளவும் இரண்டே நிறுவனங்களில். இரண்டும் இப்போது பங்குச் சந்தையில் பதிவான லாப கம்பெனிகள். ஒன்று 2017-ல் வந்தது, மற்றது 2025 ஆகஸ்டில். பங்குதாரர் டிவிடெண்டு கேட்பார். மாற்று எந்திரத்துக்கும் காவலுக்கும் செலவு செய் என்று யார் கேட்பது? செபிதான் கேட்க வேண்டும், உறுப்பினர்களும் சேர்ந்து கேட்க வேண்டும். அன்றைக்கே பணம் என்ற அவசரத்தைவிட இது முன்னால் வரவேண்டிய வேலை.

வீட்டுப் பீரோவில் அப்பா காலத்துக் காகிதப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேகம் எதுவும் கிடையாது. 2019 ஏப்ரல் 1-ந் தேதி முதல் காகிதமாக விற்றுக் கைமாற்ற முடியாது. முதலில் டீமேட்டாக மாற்ற வேண்டும். பேரில் எழுத்து மாறியிருந்தாலும், கையெழுத்து மாறியிருந்தாலும் பழையபடி படிவம், சான்று, தபால் என்று அலைச்சல்தான்.