மரப்பாச்சிக்குப் பசை எதுக்குங்க?

நவராத்திரி நெருங்கினா போதும், ஆளாளுக்கு "நம் பாரம்பரியம், நம் கொலு, நம் மரப்பாச்சி"ன்னு பதிவு போட ஆரம்பிச்சுடுறோம். கூடவே ஒரு போட்டோ. அதுல ராஜாவும் ராணியும் வெல்வெட்டுல மூச்சுத் திணறிக்கிட்டு நிப்பாங்க. கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் ஜரிகை லேஸ், கல்லு, முத்து. எல்லாம் குளூ கன் வச்சு ஒட்டினது. கீழே "சூப்பர்", "க்யூட்"னு நாப்பது பின்னூட்டம். எனக்கு மட்டும் வயிறு எரியும்.

ஏன்னு சொல்றேன். மரப்பாச்சிக்கு வருஷா வருஷம் புதுத் துணி மாத்துறதுதான் வழக்கமே. ஒட்டிட்டா எப்படி மாத்துவீங்க? அடுத்த வருஷம் கத்தி வச்சு சுரண்டணும். சுரண்டினா மூக்கு போகும், செதுக்கின நகை போகும். பசை இறங்கின பட்டு அட்டை மாதிரி விறைச்சு, கறை தட்டி, பூச்சிக்கு விருந்தாகும். கழட்ட முடியாத துணி துணியே இல்லைங்க, அது பெயிண்ட்.

போனா வேற வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க. பழைய மரப்பாச்சி செம்மரம். ஆந்திராவோட கிழக்குத் தொடர்ச்சி மலையில மெதுவா வளர்ற மரம். 1995லேர்ந்து சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கு. இன்னைக்கு வேற மரத்துல செஞ்சு சாயம் பூசினதும் விக்குது. உங்க கொள்ளுப்பாட்டி கல்யாணச் சீரா கொண்டு வந்த ஜோடிக்கு வடக்கு மாட வீதி முழுக்க அலைஞ்சாலும் மாற்று கிடைக்காது.

இப்ப கொஞ்சம் பிரான்ஸ் பக்கம் போயிட்டு வருவோம். 1905ல அங்க 'லா செமேன் த சுசெத்'னு சிறுமிகளுக்கான வாரப் பத்திரிகை ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சந்தா கட்டினா பீங்கான் தலை வச்ச 'ப்ளூவெத்'ங்கிற பொம்மை இலவசம். உயரம் 27 செ.மீ. அந்த அளவுக்குன்னே கவுன், கோட்டு, தொப்பி, உள்பாவாடைன்னு தையல் படிவங்களை பத்திரிகையிலயே போட்டாங்க. 1933ல பொம்மை 29 செ.மீ. ஆச்சு. பத்திரிகை 1960ல நின்னு போச்சு. ஆனா அந்தப் படிவத்தை வச்சு இன்னைக்கும் உலகம் முழுக்க ஆளுங்க தைக்கிறாங்க. மயிலாப்பூர்ல உக்காந்து நான்கூட ஒரு கோட்டு தைச்சேன்.

அந்தப் பத்திரிகைக்கு நோக்கம் பொண்ணுங்களை வீட்டு வேலைக்குப் பழக்குறதுதான். அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா அவங்க ஒரு காரியம் செஞ்சாங்க: அளவை எழுதி வச்சாங்க. நம்ம பாட்டிங்க கையில அதைவிட நுணுக்கமான வேலை இருந்துச்சு. ஒருத்தரும் எழுதி வைக்கல. நானும் பழைய தீபாவளி மலர், பெண்கள் பத்திரிகைன்னு கையில கிடைச்சதையெல்லாம் புரட்டிட்டேன். கோலம் இருக்கு, ஊறுகாய் இருக்கு, மரப்பாச்சி ரவிக்கைக்கு ஒரு படிவம் கண்ணுல படல. டாகுமெண்டேஷன் இல்லாத கோடை விட்டுட்டுப் போனவனை ஆபீஸ்ல எவ்வளவு திட்டுறோம்? இதுக்கு மட்டும் "பாரம்பரியம்"னு கண்ணீர் விட்டா போதுமா?

"தைக்க எங்கப்பா நேரம்?"னு கேக்குறவங்களுக்கு: மூணே அளவு. மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, இடுப்புலேர்ந்து பாதம். எங்க வீட்டு ராணிக்கு இடுப்பு 14 செ.மீ. பாவாடைத் துணி அதுக்கு இரண்டரை மடங்கு, அதாவது 35 செ.மீ. மேல மடிச்சுத் தைச்சு நாடா கோத்துட்டா முடிஞ்சது. பெரும்பாலான மரப்பாச்சிக்கு கை உடம்போட ஒட்டியே இருக்கும், அதனால ரவிக்கைக்கு சட்டைக் கை வைக்க வழியில்ல. பேப்பரை உடம்புல சுத்தி, பென்சில்ல குறிச்சு, வெட்டி எடுத்தா அதான் படிவம். பின்னாடி திறப்பு, ரெண்டு டிச் பட்டன். தையலுக்கு விடுற துணி அரை செ.மீ. போதும், மனுஷ ரவிக்கை மாதிரி ஒரு இன்ச் விட்டா ராணி குண்டாயிடுவா :-) புது வெல்வெட் வேணாம், அது கொசுவத்துக்கே மடியாது. கிழிஞ்ச பட்டுப்புடவையோட சின்ன பார்டர், பழைய வாயில் புடவை, இது ரெண்டும் அழகா விழும். சிக்கினா பிரிச்சுத் திரும்பத் தைக்கலாம். பசையில அன்டூ கிடையாது.

அடுத்து, "ஆம்பளைப் பையன், இஞ்சினியரிங் படிச்சவன், ஊசி நூலோட உக்காந்திருக்கான்"னு சிரிக்கிற கோஷ்டி. உங்க சட்டையை யாரு தைச்சான்னு ஒரு தடவை யோசிங்க. பாண்டி பஜார் டெய்லர் கடையில மெஷின் மிதிக்கிறது யாருங்க? காசு வாங்கித் தைச்சா தொழில், வீட்டுல தைச்சா பொம்பளை வேலையா? நல்லா இருக்குய்யா உங்க லாஜிக்.

அதனால மக்களே, இந்த வருஷம் பாரம்பரியப் பதிவு போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. பரண்லேர்ந்து மரப்பாச்சியை இறக்கி, இன்ச் டேப் வச்சு அந்த மூணு அளவையும் எழுதுங்க. வீட்டுல பாட்டி இருந்தா, எப்படித் தைச்சாங்கன்னு கேட்டு அதையும் எழுதுங்க. பேப்பர் படிவத்தை ஒரு ஸ்கேல் பக்கத்துல வச்சு படம் பிடிச்சுப் போடுங்க. பத்து பேர் போட்டா நமக்கும் ஒரு படிவத் தொகுப்பு ஆச்சு.

டிஸ்கி: ஏற்கனவே ஒட்டினவங்க சுரண்டாதீங்க. துணியை மட்டும் கத்தரிக்கோலால மெல்ல வெட்டி எடுங்க, மரத்தைத் தொடாம.