பள்ளிக்கூட மைதானமா, பணம் கட்டும் கிளப்பா?

2017-ம் வருஷம். அமெரிக்காவில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி நன்றாகக் கால்பந்து ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் படிக்கும் ஹைஸ்கூலில் பெண்கள் டீம் இருக்கிறது. பக்கத்து நகரில் ஒரு தனியார் கிளப் இருக்கிறது. அந்த நாட்டுக் கால்பந்து சம்மேளனம் புதிதாக ஆரம்பித்திருக்கும் போட்டித் தொடரில் அந்தக் கிளப் சேர்ந்திருக்கிறது. "எங்களிடம் வா. ஆனால் வந்துவிட்டால் பள்ளிக்கூட டீமுக்கு ஆடக் கூடாது" என்கிறது கிளப். அவள் எதைத் தேர்ந்தெடுப்பது?

"நமக்குப் பஞ்சப்படிப் பிரச்னை இருக்கிறது, கூலிப் பிரச்னை இருக்கிறது. அமெரிக்கச் சிறுமி எந்த டீமில் ஆடினால் நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சின்ன விவகாரத்துக்குள் பெரிய விவகாரம் ஒன்று இருக்கிறது. உழைப்பாளி வீட்டுக் குழந்தைக்கு விளையாட்டு உரிமையாகக் கிடைக்க வேண்டுமா, அல்லது கடைச்சரக்கைப்போல் விலைக்குக் கிடைக்க வேண்டுமா? உலகத்திலேயே பெரிய பணக்கார நாட்டில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பது வீண் வேலை அல்ல.

மில் தொழிலாளி கொண்டுவந்த ஆட்டம்

அமெரிக்காவில் இந்த ஆட்டம் பணக்காரர் ஆட்டமாகப் பிறக்கவில்லை. ஸ்காட்லாந்திலிருந்தும் லங்காஷயரிலிருந்தும் பிழைக்கப் போன ஆலைத் தொழிலாளர்கள்தான் அதை வேரூன்றச் செய்தார்கள். 1885, 1886, 1887 ஆகிய மூன்று வருஷமும் அமெரிக்கக் கோப்பையை வென்றது நியூஜெர்ஸி மாநிலத்துக் கிளார்க் நூல் கம்பெனியின் டீம். 1888-லும் 1889-லும் வென்றது மாசசூஸெட்ஸ் மாநிலத்தில் பஞ்சாலைகள் நிறைந்த ஃபால் ரிவர் நகரத்தின் டீம்.

பெண்கள் கால்பந்தின் கதையும் அப்படியே. முதல் உலக யுத்த காலத்தில், 1917-ல், இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்து யுத்த தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் 'டிக் கெர்' என்ற கம்பெனியின் பெயரில் டீம் சேர்த்தார்கள். 1920 டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூல் நகரில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கச் சுமார் 53,000 ஜனங்கள் கூடினார்கள். பொறுக்குமா மேலிடத்துக்கு? மறு வருஷமே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. சுமார் ஐம்பது வருஷம் அந்தத் தடை நீடித்தது. மைதானத்தின் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் ஆட்டத்தையும் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

எழுநூறு பேர், நாலு லட்சம் பேர்

அமெரிக்காவில் பெண்களுக்கு அந்தச் சாவி எப்படிக் கிடைத்தது? தனியார் கிளப் கொடுத்ததா? இல்லை. பள்ளிக்கூடம் கொடுத்தது. பள்ளிக்கூடமும் தானாகக் கொடுக்கவில்லை, சட்டம் கொடுக்கவைத்தது.

1971-72-ல் அந்த நாட்டு ஹைஸ்கூல்களில் விளையாட்டு டீம்களில் இருந்த பையன்கள் 36 லட்சத்துக்கு மேல். பெண்கள் மூன்று லட்சம்கூட இல்லை. கால்பந்து ஆடிய பெண்கள் தேசம் முழுவதிலும் 700 பேர்தான்! 1972 ஜூனில் 'ஒன்பதாம் தலைப்பு' என்ற சட்டப் பிரிவு சட்டமாயிற்று. மத்திய சர்க்கார் பணம் வாங்கும் எந்தக் கல்வி ஸ்தாபனமும் ஆண், பெண் என்று பேதம் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். காகிதத்தில் இருந்த சட்டத்தை மைதானத்துக்குக் கொண்டுவரப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. 1976-ல் யேல் சர்வகலாசாலையின் படகோட்டும் மாணவிகள், பயிற்சிக்குப் பின் குளிக்கக்கூட இடமில்லாத கொடுமையை எதிர்த்து, அதிகாரியின் அறைக்குள் புகுந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

பலன் என்ன? 2018-19-ல் ஹைஸ்கூல்களில் கால்பந்து ஆடிய பெண்கள் சுமார் 3,94,000 பேர். 1991, 1999, 2015, 2019 என்று நான்கு தடவை அமெரிக்கப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். 1999 இறுதி ஆட்டத்தைக் காண பாஸடீனா மைதானத்தில் 90,000 பேர் திரண்டார்கள். இந்தப் பெருமைக்கெல்லாம் அஸ்திவாரம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் மைதானமும், பேதம் கூடாது என்ற சட்டமும்.

கூட்டம் சேர்ந்தது, கல்லாப்பெட்டியும் வந்தது

ஜனங்கள் கூடும் இடத்தில் லாப வேட்டைக்காரன் கடை போடாமல் இருப்பானா? பெண்கள் கால்பந்து பெரிதாக வளரவே, போட்டிக் கிளப்புகளும் வளர்ந்தன. 2009-ல் சிறந்த கிளப்புகள் நாற்பது சேர்ந்து பெண்களுக்கென்று ஒரு தேசிய லீக் ஆரம்பித்தன. நல்ல பயிற்சி, பலமான எதிரணி எல்லாம் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் கட்டணம்? பயிற்சிக் கட்டணம், உடை, விமானம், ஓட்டல் எல்லாம் சேர்த்தால் ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர் ஆகிறது.

ஒரு தொழிலாளியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர். 2009 ஜூலையில் நிர்ணயித்தது. பல மாநிலங்கள் இதைவிட அதிகம் வைத்திருக்கின்றன. டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் சட்டம் உத்தரவாதம் செய்வது இவ்வளவுதான். கிளப்புக்கு 3,000 டாலர் கட்ட வேண்டுமென்றால் அந்தக் கூலிக்காரத் தாய் 413 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். வாரம் 40 மணி என்றால் பத்து வாரக் கூலிக்கும் மேல்! வீட்டு வாடகை யார் கொடுப்பது? ரொட்டிக்கு என்ன வழி? இரண்டு பெண்கள் இருந்தால் என்ன செய்வது?

விவசாயத் தொழிலாளியின் நிலைமை இன்னும் மோசம். 1938-ல் வந்த கூலிச் சட்டம் விவசாயத் தொழிலாளியை விலக்கிவைத்தது. மத்திய சட்டப்படி இன்றும் அவருக்கு ஓவர்டைம் கூலி கிடையாது. பெற்றோர் சம்மதித்தால் பன்னிரண்டு வயதுக் குழந்தையும் பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் வயலில் வேலை செய்யலாம் என்று அதே சட்டம் அனுமதிக்கிறது. கலிபோர்னியாவில் கீரையும் ஸ்ட்ராபெரியும் பறிக்கும் மெக்ஸிகோக் குடும்பத்துப் பெண்ணைக் கிளப்பின் பயிற்சிக்கு யார் காரில் கொண்டுபோய் விடுவது? அவளுக்கு இருப்பது பள்ளிக்கூடம் ஒன்றுதான். மணி அடித்ததும் அங்கேயே பை வைத்துவிட்டு அங்கேயே ஆடலாம்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கோல்கீப்பர் ஹோப் சோலோ 2018-ல் பகிரங்கமாகவே சொன்னார், தான் இன்று குழந்தையாக இருந்தால் தன் குடும்பத்தால் தன்னைக் கால்பந்துக்கு அனுப்பக் கட்டியிராது என்று. உலகக் கோப்பை வென்றவரே இப்படிச் சொல்லும்போது, பணமில்லாததால் பந்தையே தொடாமல் போன திறமைசாலிப் பெண்கள் எத்தனை பேர்?

உபகாரச் சம்பளம் என்ற தூண்டில்

பிறகு ஏன் பெற்றோர் கடன் வாங்கியாவது கட்டுகிறார்கள்? அவர்கள் ஏமாளிகளா? இல்லை. அங்கே காலேஜ் படிப்புச் செலவு மலைபோல் இருக்கிறது. விளையாட்டில் தேறினால் உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. காலேஜ் பயிற்சியாளர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைவதில்லை. நூறு டீம்கள் கூடும் கிளப் போட்டிக்கு வந்து, மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல் பார்த்துப் பொறுக்குகிறார்கள். பதின்மூன்று, பதினாலு வயதுப் பெண்களிடமே வாய்வார்த்தை வாங்கிவிடும் அளவுக்குப் போய், கடைசியில் 2019-ல் அதற்கு ஒரு விதி போட வேண்டியதாயிற்று.

தூண்டிலில் உள்ள புழு எவ்வளவு பெரிது? ஹைஸ்கூலில் கால்பந்து ஆடும் பெண்கள் நூறு பேரில் காலேஜ் சங்கத்தின் டீம்களில் இடம் பெறுகிறவர்கள் சுமார் ஏழு பேர். அதில் முதல் பிரிவுக்குப் போகிறவர்கள் இரண்டு, மூன்று பேர். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கிடையாது. முதல் பிரிவிலும் முழுச் சம்பளம் எல்லோருக்கும் இல்லை; துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதே வழக்கம். பத்து வருஷம் கிளப்புக்குக் கட்டிய பணத்தைக் கூட்டிப் பார்த்தால், கிடைக்கும் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கும் வீடுகள் ஏராளம். படிப்பை விலைச்சரக்காக்கியது ஒரு குற்றம். அந்தப் பயத்தைக் காட்டி விளையாட்டையும் விலைச்சரக்காக்கியது இரண்டாவது குற்றம்.

தடை போட்டார்கள், தாங்களே மூடினார்கள்

இப்போது நாம் ஆரம்பத்தில் சொன்ன பெண்ணிடம் வருவோம். 2017-ல் கால்பந்து சம்மேளனம் பெண்களுக்கென்று அந்தத் தொடரை ஆரம்பித்தது. வருஷத்தில் பத்து மாதம் பயிற்சி. பள்ளிக்கூட டீமில் ஆடத் தடை. பையன்களுக்கு இதே தடையை 2012-லேயே போட்டிருந்தார்கள்.

அவர்கள் சொன்ன வாதத்தை நாம் மறைக்கப் போவதில்லை. பள்ளிக்கூட டீமில் ஆட்டங்கள் நெருக்கமாக வருகின்றன, பயிற்சி குறைவு, உடம்பு கெடுகிறது என்றார்கள். உடம்பைப் பற்றிய கவலை நியாயமானது. இந்த ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுவது பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் அதிகம். ஆனால் அதற்கு மருந்து பத்து மாத ஓட்டமா? பள்ளிக்கூடப் பருவம் சுமார் மூன்று மாதம். அந்த மூன்று மாதம் கிளப் தன் ஆட்டங்களை நிறுத்திவைத்தால் போதுமே! 2009-ல் பிறந்த லீக் அப்படித்தான் பள்ளிக்கூடத்துக்கு வழிவிடுகிறது. அதிலிருந்து தேசிய டீமுக்கு ஆட்கள் வராமலா போய்விட்டார்கள்?

2020 ஏப்ரலில், கொள்ளைநோய் காலத்தில், பணநெருக்கடி என்று சொல்லிச் சம்மேளனம் தன் தொடரையே மூடிவிட்டது. மூன்று வருஷத்துக்குள் கடை காலி! அதற்காகப் பள்ளிக்கூட டீமைத் துறந்த பெண்களுக்குப் போன வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது? தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளோடு சேர்ந்து, தன் ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு, தன் ஊர் ஜனங்கள் பார்க்க ஆடும் ஆட்டம் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வருகிறது.

பள்ளிக்கூடம் சொர்க்கமா?

அப்படியானால் அமெரிக்கப் பள்ளிக்கூடம் குறையில்லாததா? இல்லை. சரித்திர வாத்தியாரே பயிற்சியாளராக இருக்கும் டீம்கள் உண்டு. அதைவிடப் பெரிய குறை: பள்ளிக்கூடப் பணத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊர் வீடு, நில வரியிலிருந்து வருகிறது. பங்களாக்கள் உள்ள ஊருக்குப் பச்சைப் புல்வெளி. குடிசை ஊருக்குக் கட்டாந்தரை. இந்த அநியாயத்தை எதிர்த்து டெக்ஸாஸ் ஏழைப் பெற்றோர் போட்ட வழக்கை 1973-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது.

கலிபோர்னியாவில் 1978-ல் வீட்டு வரியை வெட்டினார்கள். பணம் வற்றவே, ஸாண்டா பார்பரா ஹைஸ்கூல்களில் ஒவ்வொரு விளையாட்டு டீமுக்கும் 25 டாலர் கட்டச் சொன்னார்கள். பெற்றோர் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். 1984-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? இலவசப் பள்ளிக்கூடம் என்றால் விளையாட்டும் அதில் அடக்கம், கட்டணம் கூடாது என்று தீர்ப்பளித்தது.

இதில்தான் வித்தியாசம் இருக்கிறது, தோழர்களே. பள்ளிக்கூடம் அநியாயம் செய்தால் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம், தேர்தலில் கேட்கலாம், கூட்டம் போட்டுக் கேட்கலாம். தனியார் கிளப்பிடம் கேட்டால், "பிடிக்காவிட்டால் போ" என்பதே பதில். ஒன்று நம்முடையது, சீர்கெட்டிருக்கிறது. மற்றொன்று சீராக இருக்கிறது, நம்முடையது அல்ல. சீர்கெட்டதைச் சீர்செய்வதா, அல்லது பிறன் வீட்டு வாசலில் நிற்பதா?

கிளப் என்ற பெயரே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நார்வே நாட்டில் குழந்தைகள் கிளப்பில்தான் ஆடுகிறார்கள். ஆனால் லாட்டரிப் பணத்தின் ஒரு பங்கு அங்கே விளையாட்டுக்குப் போகிறது. பதினொரு வயது வரை வெற்றி தோல்விப் பட்டியலே போடக் கூடாது. பதின்மூன்று வயதுக்கு முன் தேசியப் போட்டி கூடாது என்று விதி இருக்கிறது. கிளப்பா, பள்ளிக்கூடமா என்ற கேள்விக்கு அடியில் இருக்கும் கேள்வி, யாருடைய பணம், யாருடைய அதிகாரம் என்பதே.

நம் அபிப்பிராயம்

அமெரிக்கத் தொழிலாளி வர்க்கம் என்ன கேட்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்? பள்ளிக்கூட டீமில் ஆடுவதை எந்தக் கிளப்பும் தடுக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பருவத்தில் கிளப் ஆட்டங்கள் நிற்க வேண்டும். பேதம் கூடாது என்ற 1972-ம் வருஷச் சட்டத்தின் பாதுகாப்பு, பொது மைதானத்தை உபயோகிக்கும் கிளப்புக்கும் பரவ வேண்டும். ஏழை ஊர்ப் பள்ளிக்கும் பணக்கார ஊர்ப் பள்ளிக்கும் ஒரே தரத்தில் மைதானமும் பயிற்சியாளரும் பொதுப் பணத்திலிருந்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலேஜ் படிப்புக்குக் காசு கேட்பது ஒழிய வேண்டும். அது ஒழிந்த அன்று அந்தத் தூண்டிலும் ஒழிந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் உருளும் பந்தைத் தைத்தது யார் என்பதையும் மறக்கக் கூடாது. உலகத்தின் கையால் தைத்த பந்துகளில் மிகப் பெரும்பகுதி பாகிஸ்தானின் ஸியால்கோட் நகரத்திலிருந்து வந்தது. பந்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி. தைத்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். உலகம் பார்த்துக் காறி உமிழ்ந்த பிறகுதான் 1997-ல் அதை நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள். பந்தைத் தைத்த கைக்கும் ஆட்டமில்லை; ரொட்டிக்காகக் கீரை பறிக்கும் கைக்கும் ஆட்டமில்லை; பணம் எண்ணும் கைக்கு மட்டும் ஆட்டம்! இந்த நியாயத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

நூல் மில் தொழிலாளி அங்கே கொண்டுபோன ஆட்டம் அது. தொழிலாளியின் மகள் காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதிச் சீட்டுக் கேட்காமல், தன் பள்ளிக்கூட மைதானத்தில் ஆட வேண்டும். அது சலுகை அல்ல, அவள் சொத்து.