பூச்சி இருக்கட்டும், பிசின் எந்த ஊர்?

அம்பர் துண்டு ஒன்று கைக்கு வந்தால் யாரும் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "உள்ளே கறுப்பாக ஏதோ தெரிகிறதே, எறும்பா, வண்டா?" என்றுதான் கேட்பார்கள். இங்கே அம்பர் என்பது தேன் நிறத்தில் இறுகிப்போன பழங்கால மரப்பிசின். திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் அம்பர்கிரிஸ் வேறு. அதைக் கையில் வைத்திருந்தாலே வனத்துறை வழக்குப் போடும். மரப்பிசின் அம்பரை இணைய அங்காடியில் பதக்கமாகவும் மணிமாலையாகவும் வாங்கலாம். வாங்கியவர்கள் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புவதும், நாலு பேரும் நாலு பெயர் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. உள்ளே இருப்பது என்ன என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் வாதம். முதலில் கேட்க வேண்டியது, இது எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று. அடுத்தது, இது என்ன பிசின் என்று. இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் மூன்றாவதற்குச் சொல்லும் விடை ஊகமே. இதே வரிசையில் விசாரித்து எழுதித் தரும் ஒரு பொது மேசையைத் திறக்கப் புதுச்சேரிக்கு இருக்கும் வசதி வேறு பல ஊர்களுக்கு இல்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தாலே சிக்கல் விளங்கும். கறுப்புப் புள்ளிகளில் பல வெறும் காற்றுக்குமிழிகள். விளிம்பு கனத்த கறுப்பாகவும் நடுப்பகுதி வெளிச்சமாகவும் தெரிந்தால் அது குமிழிதான். கடைக்காரர்கள் பளபளப்புக்காக அம்பரைச் சூடேற்றும்போது உள்ளே வட்டவட்டமாக விரிசல் விழும். மீன் செதில் என்றும் இலை என்றும் பலர் மகிழ்ந்துபோவது இந்த விரிசலைப் பார்த்துத்தான். உண்மையான பூச்சி பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு கால் முறிந்து தள்ளிக் கிடக்கும், இறக்கை மடங்கியிருக்கும், பிசின் அடுக்கடுக்காக வழிந்த கோடுகள் அதன் மேல் வளைந்து போகும். எறும்பானால் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கணு வைத்த மெல்லிய இடை தெரிய வேண்டும். ஈசலானால் நான்கு இறக்கையும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். துண்டின் நட்டநடுவில், கால்களைச் சமமாக விரித்து, பெரிய தேள் ஒன்று அழகாகப் படுத்திருந்தால் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. பிசினில் சிக்கிய உயிர் துடித்திருக்கும், அவ்வளவு ஒழுங்காகப் படுத்திருக்காது.

கைலென்ஸோ, நுண்ணோக்கியோ, நிபுணரின் கண்ணோகூட எல்லா நேரமும் போதுவதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1922-இல் பெற்ற பால்டிக் அம்பர் துண்டு ஒன்றில் ஓர் ஈ இருந்தது. இன்றும் நம் கழிப்பறைகளைச் சுற்றும் இனம் அது. பல கோடி ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் இனம் என்று 1966-இல் வில்லி ஹென்னிக் போன்ற பெரிய பூச்சியியலாளரே அதை ஏற்று எழுதினார். 1993-இல் ஆண்ட்ரூ ராஸ் அதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு விரிசல் தெரிந்தது. அம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, இந்தக் காலத்து ஈயை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அது மோசடி. மோசடியே இல்லாமலும் தவறு நேரும். மியான்மர் அம்பரில் கிடைத்த, ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு மண்டையோட்டை உலகின் மிகச் சிறிய டைனோசர் காலத்துப் பறவை என்று 2020 மார்ச்சில் 'நேச்சர்' இதழ் அட்டையிலேயே போட்டது. ஜூலையில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அது பல்லி வகை என்று பிறகு தெளிவானது. முப்பரிமாண ஊடுகதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர்களே இப்படித் தடுமாறும்போது, கைப்பேசிப் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிறவர்களை என்னவென்பது?

"உள்ளே இருப்பது கிடக்கட்டும், அம்பரா இல்லையா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடலாமே" என்பார்கள். உப்பு நிறையக் கரைத்த நீரில் அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்கலைட்டும் மூழ்கும். உண்மைதான், ஆனால் அம்பராக முதிராத கோபால் என்னும் இளம்பிசினும் மிதக்கும், சிலவகைப் பிளாஸ்டிக்கும் மிதக்கும். சூடான ஊசியால் குத்தினால் மணத்தை வைத்துப் பிளாஸ்டிக்கைப் பிரிக்கலாம், துண்டில் ஓட்டை விழுவதைப் பொருட்படுத்தாவிட்டால். கோபாலைப் பிரிக்க எல்லோரும் சொல்லும் வழி ஒரு சொட்டு அசிட்டோன்: பிசுபிசுத்தால் இளம்பிசின், இல்லாவிட்டால் அம்பர். இந்த விதி பால்டிக் அம்பரை வைத்து எழுதப்பட்டது. நம் நாட்டில் அது கவிழ்ந்துவிடும். குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைக்கும் அம்பருக்கு வயது 5 கோடி ஆண்டுக்கு மேல். ஆனால் அதன் மூலக்கூறுகள் அவ்வளவாகப் பின்னிப் பிணையாததால் கரிமக் கரைப்பான்களில் அது கரைந்துபோகும். பிசினைக் கரைத்தே பூச்சியை முழுசாக வெளியே எடுத்திருக்கிறார்கள். வஸ்தான் துண்டு என்று தெரியாமல் ஒருவர் அசிட்டோன் சோதனை செய்தால், 5 கோடி ஆண்டுப் பொருளை நேற்றைய பிசின் என்று தூக்கிப் போட்டுவிடுவார். சோதனை சொல்லும் விடைக்கு என்ன பொருள் என்பதே ஊரைப் பொறுத்தது.

அந்தப் பூச்சிகளின் மதிப்பும் ஊரில்தான் இருக்கிறது. இந்திய, ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட வஸ்தான் ஆய்வு, 700-க்கும் மேற்பட்ட கணுக்காலிகளை 55 குடும்பங்களில் வகைப்படுத்தியது. இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதுவதற்கு முன் நெடுங்காலம் கடலில் தனியே மிதந்து வந்தது என்பது நிலவியல் பாடம். அப்படியானால் வேறெங்கும் இல்லாத தனி இனங்கள் மலிந்திருக்க வேண்டும். கிடைத்தவற்றில் பலவோ ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கப் பூச்சிகளுக்கு உறவு. இந்தியாவின் தனிமை நாம் நினைத்த அளவுக்கு இறுக்கமானதல்ல என்ற முடிவுக்கு வர இதுவே சான்று. சுரங்கத்தின் பெயரும் நிலக்கரி அடுக்கின் விவரமும் இல்லாமல் அதே பூச்சியைப் பதக்கமாகத் தொங்கவிட்டால், கண்டங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இதில் புதுச்சேரிக்கு என்ன வேலை? வஸ்தான் அம்பரைச் சுரந்தவை டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். நாம் புகை போடும் வெள்ளைக் குங்கிலியம் அதே குடும்பம்தான். திருக்கடவூரில் குங்கிலியக் கலய நாயனார் மனைவியின் தாலியை விற்றும் வாங்கிய பொருளுக்கு இப்படியொரு பூர்வீகம் உண்டு. அந்தக் குடும்பத்து மரங்கள் இங்கேயும் நின்றிருக்கின்றன. சங்கராபரணிக் கரையில், வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், திருவக்கரைக் கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 18-ஆம் நூற்றாண்டிலேயே பார்த்திருக்கிறார். அந்தக் கல்மரங்கள் புதைந்திருக்கும், புதுச்சேரி வட்டாரத்துக் கடலூர் மணற்கல்லில் கிடைத்த மரத்துண்டுகளை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்து டிப்டெரோகார்ப் வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். வழுதாவூர்ப் பக்கத்துக் கடல் புதைபடிவங்களோ 1840-களிலேயே கேய், கன்லிஃப் என்ற இருவர் கையால் லண்டனுக்குப் போயின. 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்தார். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி என ஊர்வாரியாக அவர் பிரித்து எழுதியிருந்ததால்தான், பாறைகளின் வயதைப் பற்றிய அவர் கணிப்பைப் பின்வந்தவர்களால் திருத்த முடிந்தது. புனித லூயி தெருவில் 1955 முதல் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மகரந்தச் சேகரிப்பும் உலர்தாவரச் சேகரிப்பும் இருக்கின்றன. 1986 கராச்சி விமானக் கடத்தலில் உயிரிழந்த தணிகைமணி உலகறிய வளர்த்தது அங்குள்ள மகரந்த ஆய்வுக்கூடத்தைத்தான். பிசினில் மகரந்தமும் சிக்கும் என்பதால் இந்தச் சேகரிப்பு பொருத்தமானது. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் துறை இருக்கிறது. பிசின் வகையைத் துண்டுக்குச் சேதமில்லாமல் காட்டும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி வேதியியல் கூடங்களில் சாதாரணமாகப் புழங்குவதுதான்.

"புதுச்சேரியில் அம்பர் கிடைப்பதே இல்லையே" என்பது நியாயமான கேள்வி. மேசை அம்பருக்கு மட்டும் அல்ல. கல்மரத் துண்டு, சங்குப் படிவம், கிணறு வெட்டும்போது வந்த எலும்பு, எல்லாவற்றுக்கும் கேள்வி வரிசை ஒன்றே. மக்கள் கையில் இருக்கும் அம்பரில் பெரும்பாலானது கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும். அதற்கு "ஊர் தெரியாது, எனவே ஆய்வுக்குப் பயனில்லை, பிசின் இன்ன வகை" என்று எழுதித் தருவதும் ஒரு பணிதான். வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க அதுவே போதும். விஞ்ஞானிகளின் நேரம் வீணாகும் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் இரண்டு கேள்விகளைப் பயிற்சி பெற்ற முதுகலை மாணவரே கேட்டுவிடலாம். வருவதில் மிகச் சிலவே மூன்றாவது கேள்விக்குத் தேறும்.

கனமான ஆட்சேபம் வேறொன்று: அடையாளம் சொல்லிக் கொடுத்தால் விலை ஏறும், விலை ஏறினால் திருவக்கரையில் கடப்பாறை இறங்கும். மியான்மரின் கச்சின் பகுதியில் அம்பர்ச் சுரங்கங்கள் ஆயுத மோதலோடு பின்னிக் கிடப்பதைப் பார்த்து, முதுகெலும்பிப் புதைபடிவ ஆய்வாளர் சங்கம் 2020-இல் அண்மையில் வாங்கிய அந்த அம்பரைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடுவதையே நிறுத்திவைக்கும்படி ஆய்விதழ்களைக் கேட்டது. அந்த அச்சம் பொய்யல்ல. நம்மிடம் புதைபடிவங்களைக் காக்கத் தனிச் சட்டமும் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் கருத்துக் கேட்க வெளியிட்ட வரைவு மசோதா, அதிகாரம் முழுவதையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடமே குவிக்கிறது என்று ஆய்வாளர்களே எதிர்த்தார்கள். ஆனால் மேசை இல்லாத இன்றைய நிலையில் விலை சொல்வது வியாபாரி மட்டுமே என்பதையும் பார்க்க வேண்டும். மேசை தரும் சீட்டில் விலை இருக்கக் கூடாது. கிடைத்த இடத்தின் துல்லிய விவரம் பதிவேட்டில் மட்டும் இருக்க வேண்டும், சீட்டில் வட்டத்தின் பெயர் போதும். பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எடுத்தது என்று தெரிந்தால் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டு, கொண்டுவந்தவருக்கு ஒப்புகை தரலாம். ஊரை மறைத்துப் பொய் சொல்கிறவர்களும் வருவார்கள். அவர்கள் துண்டுக்குச் சீட்டில் "இடம் உறுதியில்லை" என்று எழுதிவிட்டால், ஆய்வாளரிடமும் விவரம் தெரிந்து வாங்குகிறவரிடமும் அதன் மதிப்பு அங்கேயே இறங்கிவிடும்.