குண்டு விழுந்ததால்தான் பிழைத்தோமா?

தோழர்களே,

ஆகஸ்ட் வந்தால் ஹிரோஷிமா பேச்சு வரும். போன கூட்டத்தில் ஓர் இளம் தோழர் நேராகவே கேட்டார்: "குண்டு போடாமல் இருந்தால் போர் நீண்டிருக்கும். இன்னும் எத்தனை பேர் செத்திருப்பாங்க?" இதை ஏகாதிபத்தியப் பிரச்சாரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

காரணம் என் பாட்டி. மலாயாவில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அண்ணனைச் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துப் போனார்கள். திரும்பவே இல்லை. அந்தப் பாதையில் பல்லாயிரம் ஆசியத் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களில் தோட்டத் தமிழர்கள் ஏராளம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்த பாட்டி கடைசிவரை சொன்னது: "அந்தக் குண்டு விழாட்டி நாம யாரும் இருந்திருக்க மாட்டோம்."

பாட்டியின் கோபம் நியாயம். அந்தக் கணக்கைத்தான் நான் ஏற்கவில்லை.

"குண்டு அல்லது தரைப்படை, இரண்டில் ஒன்று" என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் கியூஷுவில் படை இறக்கத் திட்டமிட்டிருந்தது 1945 நவம்பர் 1-ஆம் தேதி. குண்டு விழுந்தது ஆகஸ்ட் 6. இடையில் கிட்டத்தட்ட மூன்று மாதம். ஆகஸ்ட் 8-இல் சோவியத் யூனியன் ஜப்பான்மீது போர் அறிவித்தது. மறுநாளே, டோக்கியோ ஒரு முடிவுக்கு வருமுன், நாகசாகியில் இரண்டாவது குண்டு. ஜூலை 26 போட்ஸ்டாம் பிரகடனத்தில் பேரரசரின் கதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரணடைந்த பிறகு அவரை அரியணையில் விட்டார்கள். அந்த உறுதியை முதலிலேயே கொடுத்துப் பார்த்திருக்கலாமே? அமெரிக்க அரசின் சொந்தக் குண்டுவீச்சு ஆய்வே 1946-இல், அணுகுண்டு இல்லாமலும் அந்த ஆண்டு முடியுமுன் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்றது.

சரி, அந்த ஆய்வு தப்பு என்றே வைப்போம். குண்டுதான் போரைச் சுருக்கியது என்றே வைப்போம். ஒவ்வொரு மாதமும் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இது லேசான வாதம் இல்லை.

அப்போதும் கேட்க வேண்டியது: யார் விலை கொடுத்தது? அன்று காலை ஹிரோஷிமாவில் தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து அகற்றும் வேலைக்கு ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். அவர்களா என் பாட்டியின் அண்ணனைப் பிடித்துப் போனார்கள்? கொரியாவிலிருந்து வேலைக்கு இழுத்துவரப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். என் பாட்டியின் அண்ணன் மாதிரியே பிடிபட்டவர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் குண்டு எரித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேர், நாகசாகியில் 70,000-க்கும் மேல். பேரரசர் அரண்மனையில் பத்திரமாக இருந்தார்.

"போரை முடிக்கத்தான்" என்ற சொல் நமக்குப் புதிதா? 2009-இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்தபோதும் கொழும்பு அதை மனிதாபிமான நடவடிக்கை என்றுதான் சொன்னது. அதை மறுக்கிற நாம் ஹிரோஷிமாவுக்கு மட்டும் விலக்கு கொடுக்க முடியாது. சீக்கிரம் முடிப்பதற்காகச் சனங்களைக் கொல்லலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அடுத்து எந்த அரசும் அதே கணக்கை நம்மிடம் நீட்டும்.

2024-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற நிஹோன் ஹிடாங்க்யோ, குண்டில் பிழைத்தவர்களின் அமைப்பு. அவர்கள் பழி கேட்கவில்லை. இந்த ஆயுதமே வேண்டாம் என்கிறார்கள். அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அணுகுண்டு வைத்திருக்கும் ஒரு நாடும் அதில் சேரவில்லை. நாம் வரி கட்டும் நாடுகளும் இந்தியாவும் சேரும்படி கேட்பது நம் வேலை.

பாட்டி இருந்தால் என்னோடு சண்டை போட்டிருப்பார். போடட்டும். அவருடைய அண்ணனுக்கு நியாயம் வேண்டும்தான். அதை ஹிரோஷிமாவின் பிள்ளைகளிடமிருந்து வசூலித்தது நியாயம் ஆகாது.

தோழமையுடன்.