தன் நிழலுக்கு அஞ்சியவன்

மந்திரவாதி என்றால் நம் ஊர்க் கதைகளில் மண்டை ஓடும் முறுக்கு மீசையும். மேற்கத்தியக் கதைகளில் வெண்தாடியும் கைத்தடியும். எங்கேயானாலும் வயது அறுபதுக்குக் குறையாது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெகுவினுக்கு ஒரு சந்தேகம் வந்தது: இந்தப் பெரியவர்கள் வாலிபத்தில் எப்படி இருந்திருப்பார்கள்? இளைஞர்களுக்காக ஒரு நாவல் எழுதித் தரும்படி பதிப்பாளர் ஒருவர் கேட்டிருந்த நேரம் அது. 1968இல் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ வெளிவந்தது.

சிறுவர் புத்தகம் என்று நினைத்துப் பல வருடங்கள் நான் இதைத் தொடவில்லை. தப்புக் கணக்கு.

நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்ட கடல் உலகம். அதில் கான்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் பையன் கெட். தாய் இல்லை. கொல்லரான அப்பாவுக்குப் பாசத்தைக் காட்டத் தெரியாது. கொள்ளையர்கள் கிராமத்தைத் தாக்க வரும்போது, மூடுபனியை வரவழைத்து ஊரையே மறைத்துவிடுகிறான். அப்போது வயது 12. திறமைக்குக் குறைவில்லை. பொறுமைதான் கிடையாது. ஓகியான் என்ற அமைதியான குருவிடம் சேர்கிறான். மழை பெய்தால் அதை நிறுத்தாமல் நனைந்துகொண்டு படுத்திருக்கும் மந்திரவாதி அவர். பையனுக்கு எரிச்சலாக இருக்காதா? குருவை விட்டு ராக் தீவின் பள்ளிக்குக் கப்பல் ஏறுகிறான்.

அங்கே ஜாஸ்பர் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளையின் நாசூக்கான ஏளனம் இவனைக் குத்துகிறது. யார் பெரியவன் என்று காட்டுவதற்காக, இறந்து நூற்றாண்டுகள் ஆன ஒரு பேரழகியின் ஆவியை ஒரு நள்ளிரவில் அழைக்கிறான். கூடவே உருவமற்ற கருநிழல் ஒன்றும் வெளியே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்த வாசலை அடைக்கத் தன் சக்தி முழுவதையும் செலவழித்த தலைமை ஆசான் இறந்துபோகிறார்.

பள்ளிக்கூடப் பையனின் வீம்புக்கு ஓர் உயிர் விலை. நாவலின் உயரம் இங்கேதான். கெட்டைத் துரத்துவது எந்த அரக்கனும் இல்லை, அவனே திறந்துவிட்ட ஒன்று. பழி சொல்ல ஆள் இல்லை. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தவன், முகத்தில் தழும்போடும் திக்கும் நாக்கோடும் மறுபடி பாடங்களைப் படிக்கிறான். பழைய கெட்டிக்காரத்தனம் போயே போய்விட்டது.

இந்த உலகில் எதற்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அது தெரிந்தால் அதை அடக்கலாம். நிழலின் பெயர்தான் தெரியாது. பின்னால் ஒரு கிழட்டு டிராகன் அந்தப் பெயரைச் சொல்வதாகப் பேரம் பேசுகிறது. கெட் மறுத்துவிட்டு, தான் காவல் காக்கும் மீனவத் தீவுகளை டிராகன்கள் தொடக் கூடாது என்ற சத்தியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். துணிச்சலுக்குப் பெயர் வாங்கிய பல கதாநாயகர்கள் அந்த இடத்தில் சறுக்கியிருப்பார்கள். முடிவைச் சொல்லப் போவதில்லை.

கெட்டின் நிறம் செம்பழுப்பு. உயிர்த் தோழன் வெட்ச் கறுப்பு. கிராமத்தைச் சூறையாட வந்தவர்கள்தான் வெள்ளையர்கள். 1968இல் இது சாதாரணமல்ல. ஆனாலும் அட்டைப்பட ஓவியர்கள் அவனை வெளுக்க வைத்தார்கள். 2004இல் வந்த அமெரிக்க டிவி தொடரில் வெள்ளைக்கார நடிகரே கெட். லெகுவின் பகிரங்கமாகவே கண்டித்தார்.

குறை உண்டு. பெண்களுக்கு இந்த நாவலில் இடம் குறைவு, அவர்களது மந்திரத்துக்கு மரியாதை அதைவிடக் குறைவு. லெகுவினுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். 1990இல் ‘தெஹானு’ எழுதிக் கணக்கைத் தீர்த்தார். அவர் 2018இல் காலமானார்.

தலையணை சைஸ் புத்தகங்களுக்குப் பயப்படுகிறவர்களுக்கு நல்ல செய்தி: பக்கங்கள் இருநூறைச் சுற்றித்தான். ஆங்கிலமும் எளிது. கடையில் கிடைக்காவிட்டால் சிறுவர் அலமாரியில் தேடுங்கள்.