மருத்துவருக்கு எதிராக வாய் திறப்பது பாவமா?



ஐக்கிய அமெரிக்காவில் வாழும் எம்மவர் முறைப்பாடு செய்யத் தெரியாதவர்கள் அல்லர். கூரை ஒழுகினால் காப்புறுதி நிறுவனத்துடன் மல்லுக்கட்டுகின்றோம். பிள்ளைக்கு இரண்டு புள்ளிகள் குறைந்தால் அதிபரின் அறை வாசலில் போய் நிற்கின்றோம். ஆனால் பெற்ற தாய் ஒரு மருத்துவரின் அலட்சியத்தினால் படுக்கையில் வீழ்ந்தால் மட்டும், "எல்லாம் விதி" என்று கூறிக் கணக்கை முடித்து விடுகின்றோம். இதனைப் பொறுமை என்றும், பெரியோரை மதிக்கும் பண்பு என்றும் அழைப்போர் எம்மிடையே உளர். அந்தப் பண்பிற்கு யார் விலை செலுத்துகின்றார்கள் என்பதே எமது கேள்வி.

இந்நாட்டில் மருத்துவருக்குத் தொழில் புரியும் அனுமதிப்பத்திரத்தை வழங்குவது மாநில அரசு. அதனைக் கட்டுப்படுத்தவும், இடைநிறுத்தவும், முற்றாகப் பறிக்கவும் அதிகாரம் கொண்டது அந்தந்த மாநிலத்தின் மருத்துவ சபை. அச்சபைக்கு எவரும் எழுதலாம். கட்டணமில்லை, சட்டத்தரணி தேவையில்லை. சபை நட்டஈடு பெற்றுத் தராது. அது நீதிமன்றத்தின் வேலை. சபை ஆராய்வது ஒன்றைத்தான்: இந்த மருத்துவர் அடுத்த நோயாளியைத் தொடத் தகுதியானவரா?

அடுத்த நோயாளி என்பது வெறும் வார்த்தையல்ல. எம்மவர் பெருந்தொகையாக வாழும் டெக்சாஸ் மாநிலத்தின் பிளேனோ நகரிலும் அதனை அண்டிய டலாஸ் பகுதியிலும் 2011 முதல் 2013 வரை நடந்ததைப் பாருங்கள். கிறிஸ்டோபர் டன்ச் என்னும் முதுகெலும்பு அறுவை மருத்துவர் அக்காலத்தில் 30 பேருக்கு மேல் ஊனமாக்கினார் அல்லது கடும் காயத்துக்கு உள்ளாக்கினார். இருவர் இறந்தனர். அவரது சிறுபராய நண்பரே அவரிடம் கழுத்தில் அறுவை செய்துகொண்டு கைகால் இயக்கத்தை இழந்தார். முதல் மரணம் 2012 மார்ச்சில் நிகழ்ந்தது. மறுமாதம் அந்த மருத்துவமனை என்ன செய்தது? அவர் தாமாகவே விலகிச் செல்ல இடமளித்து, அவர் மீது குறை எதுவும் நிலுவையில் இல்லை என்று கடிதமும் கொடுத்து அனுப்பியது. மருத்துவர்களின் தவறுகளைப் பதியும் தேசியத் தரவு வங்கிக்கு ஒரு வரிகூடத் தெரிவிக்கவில்லை. அந்தக் கடிதத்துடன் அவர் அடுத்த மருத்துவமனைக்குப் போனார். அங்கே 2012 ஜூலையில் ஒருவர் இறந்தார், இன்னொருவர் நடக்கும் ஆற்றலை இழந்தார்.

அந்த இன்னொருவருக்கு மறுசிகிச்சை செய்யச் சென்ற மூத்த அறுவை மருத்துவர், உள்ளே கண்ட கோலத்தில், இவர் உண்மையிலேயே பயிற்சி பெற்றவர்தானா அல்லது ஆள்மாறாட்டமா என்று ஐயுற்று, அவர் படித்த பல்கலைக்கழகத்திற்குப் புகைப்படம் அனுப்பி விசாரித்தார். அவரும் இன்னொரு அறுவை மருத்துவரும் சபையின் கதவை விடாமல் தட்டினார்கள். அப்படியிருந்தும் 2013 ஜூன் மாதத்தில்தான் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டது. 2017 இல் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சபை தாமதித்தது கண்டனத்துக்குரியது. அதனை மறைக்க நாம் முனையவில்லை. ஆனால் எழுதியவர்கள் இருந்தபோதே இவ்வளவு காலம் சென்றதெனில், எவருமே எழுதாத இடத்தில் என்ன நடக்கும்?

"நீதிமன்றம் இருக்கின்றதே, வழக்குப் போடலாமே" என்று சிலர் கேட்கக் கூடும். டெக்சாஸில் 2003 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி, வலி, வேதனை முதலியவற்றுக்காக மருத்துவர்களிடம் கோரக்கூடிய நட்டஈடு 250,000 டொலருக்கு மேற்படாது. வருமான இழப்புக்கு அந்த எல்லை இல்லை. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். உழைக்கும் வயதைக் கடந்த அப்பாவுக்கு, பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த அம்மம்மாவுக்கு, இழப்பதற்கு வருமானம் ஏது? வழக்கை நடத்தவும் நிபுணர்களை அழைக்கவும் ஆகும் செலவோ பெரிது. ஆகவே சட்டத்தரணிகள் பலர் இத்தகைய வழக்குகளைத் தொடவே தயங்குகின்றனர். எமது முதியோரைப் பொறுத்தவரையில் பல வேளைகளில் திறந்திருக்கும் ஒரே கதவு மருத்துவ சபைதான். அதையும் நாமே சாத்திக்கொள்கின்றோம்.

ஏன்? வெளிப்படையாகவே பேசுவோம். அந்த மருத்துவர் "எங்கட ஆள்" என்பதால். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தருபவர், எமது கலைவிழாவில் முன்வரிசையில் அமர்பவர், ஊரில் ஒரே பாடசாலையில் படித்தவர். அவரது பிழைப்பில் மண் அள்ளிப் போடலாமா என்கின்றார்கள். தமிழ் மருத்துவர்கள் இந்நாட்டில் உழைத்துப் பெற்ற நற்பெயர் எமக்கும் பெருமையே. அந்த நற்பெயரை அழிப்பவர் கவனமின்றிச் சிகிச்சை செய்பவரா, அதனை எழுத்தில் வைப்பவரா? இனப்பற்று என்ற போர்வையைத் தவறிழைத்தவர் மீது போர்த்தி, பாதிக்கப்பட்ட தமிழ்த் தாயைக் குளிரில் விடுவது எந்த வகைப் பற்று? நேர்மையான மருத்துவருக்கு இதில் அஞ்ச எதுவுமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். எந்த விசாரணையும் மனவேதனை தரும். ஆயினும் சிகிச்சையின் தரத்தை அதே துறை சார்ந்த மருத்துவ நிபுணர்களே ஆராய்கின்றனர். பெரும்பாலான முறைப்பாடுகள் நடவடிக்கை எதுவுமின்றியே முடிகின்றன. மோசமான விளைவெல்லாம் அலட்சியமாகிவிடாது என்பதைச் சபை எம்மைவிட நன்கறியும்.

அச்சமும் ஒரு காரணம். விசாவிற்கு ஆபத்து வருமோ என்று அஞ்சுவோர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: மருத்துவ சபை குடிவரவுத் திணைக்களம் அன்று. டெக்சாஸ் சபை 2011 ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின்னர் பெயரற்ற முறைப்பாடுகளை ஏற்பதில்லை. ஆனால் பொதுமகன் ஒருவர் தரும் பெயரை இரகசியமாகவே வைத்திருக்கின்றது. அதே மாநிலத்தின் கேர்மிட் என்னும் சிற்றூரில் 2009 இல் இரு தாதியர் ஒரு மருத்துவரைப் பற்றிச் சபைக்கு எழுதினார்கள். அவரது நண்பரான ஷெரிப் எழுதியவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். தாதியர் வேலையை இழந்து, குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர். ஒருவர் மீதான வழக்குக் கைவிடப்பட்டது. மற்றவரை 2010 பெப்ரவரியில் ஜூரிமார் ஒரு மணிநேரத்திற்குள் விடுதலை செய்தனர். அடுத்த ஆண்டு குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டவர்கள் அந்த ஷெரிப்பும் மருத்துவரும்தான். வேலையைப் பணயம் வைத்து, அயலாருக்காக எழுதினார்கள் அந்தப் பெண்கள். நாமோ எமது தாய் தந்தைக்காகக்கூட எழுதத் தயங்குகின்றோம்!

இளையோரே, இது உங்களிடம். வீட்டில் ஆங்கிலம் எழுதுபவர்கள் நீங்கள். மருத்துவப் பதிவேடுகளின் பிரதியைக் கேட்பது நோயாளியின் சட்டபூர்வ உரிமை. பொதுவாக 30 நாட்களுக்குள் தர வேண்டும். கட்டணப் பாக்கியைக் காட்டி மறுக்க முடியாது. அதை முதலில் பெறுங்கள். திகதி, மருந்தின் பெயர், என்ன சொன்னார்கள், என்ன செய்யவில்லை என்பவற்றை வசைச்சொல் இன்றி, நடந்த ஒழுங்கில் எழுதுங்கள். இறந்தவருக்காகக் குடும்பத்தினர் எழுதலாம். 12 வயதுப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவின் நோயை நீங்கள்தான் மொழிபெயர்த்தீர்கள் என்றால், அதையும் எழுதுங்கள். அரசின் நிதி பெறும் மருத்துவமனை, அவசர நிலை தவிர்ந்த வேளையில், சிறுவரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் விதி.

டெக்சாஸ் சபை 7 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிகிச்சை பற்றிய முறைப்பாடுகளைப் பொதுவாக ஏற்பதில்லை. ஏனைய மாநிலங்களின் விதிகள் வேறுபடும். உங்கள் மாநிலச் சபையின் விதியை இவ்வாரமே பாருங்கள். அப்பாவின் கோப்பு அலுமாரியில் கிடக்கின்றது. அவருக்குச் சிகிச்சை அளித்தவர் நாளை காலையும் நோயாளிகளைப் பார்க்கப் போகின்றார்.