'அச்சோ பாவம்' வேண்டாம்... 'அடுத்து என்ன விளையாடலாம்?' போதும்! - நோயோடு வாழும் குழந்தைகளின் சம்மர் கேம்ப்

மே மாதம் வந்தாலே தெருமுனை போஸ்டரிலிருந்து அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் வரை ஒரே விளம்பரம்தான். நீச்சல், கராத்தே, ஸ்கேட்டிங், கீபோர்டு, சிலம்பம்... பார்த்துட்டு அடுத்த மெசேஜுக்குப் போயிடுவோம்.

அதே போஸ்டரை, ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸின் ஜன்னலோர சீட்டிலிருந்து பார்க்கிற ஒரு குழந்தையை யோசிச்சுப் பாருங்க. கீமோ போய்க்கொண்டிருக்கிறது. முடி கொட்டியிருக்கிறது. 'கூட்டத்துக்குப் போகக் கூடாது, வெயில்ல ஆடக் கூடாது, வெளியில சாப்பிடக் கூடாது...' ஒரு வருஷமாக அந்தக் குழந்தை அதிகம் கேட்ட வார்த்தை 'கூடாது'தான். அம்மாவிடம் 'நானும் சேரட்டுமா?' என்று கேட்கக்கூட அதற்குத் தோன்றாது.

இந்தக் குழந்தைகளுக்கும் சம்மர் கேம்ப் உண்டா? உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வருஷங்களாக நடக்கின்றன. அவற்றைத் தோளில் சுமப்பவர்களில் பெரும்பாலானோர் டாக்டர்கள் இல்லை. கல்லூரி மாணவர்கள், வேலையில் லீவு போட்டு வரும் இளைஞர்கள். அவர்கள் அங்கே என்னதான் செய்கிறார்கள்? நம்ம ஊரில் அது சாத்தியமா?

சாலட் காசில் ஒரு கௌபாய் ஊர்

ஹாலிவுட் நடிகர் பால் நியூமேன், தன் எழுத்தாளர் நண்பர் ஏ.இ.ஹாட்ச்னருடன் சேர்ந்து 1982-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பெயர் 'நியூமேன்ஸ் ஓன்'. முதல் சரக்கு, சாலட் டிரெஸ்ஸிங். லாபம் முழுவதும் நற்பணிக்கு என்பதுதான் ஒப்பந்தம். விளையாட்டாக ஆரம்பித்த அந்த வியாபாரம் இன்றுவரை 50 கோடி டாலருக்கு மேல் நன்கொடையாகக் கொடுத்திருக்கிறது.

1988-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஆஷ்ஃபோர்டில் அவர் ஒரு முகாமைத் திறந்தார். பெயர், 'ஹோல் இன் தி வால் கேங் கேம்ப்'. 1969-ல் அவர் நடித்த கௌபாய் படத்தில் வரும் கொள்ளைக்கூட்டத்தின் பெயர் அது. முகாமும் பழைய கௌபாய் ஊர் மாதிரியே இருக்கும். அங்கிருக்கும் மருத்துவக் கூடத்துக்குக்கூட 'ஓகே கோரல்' என்று கௌபாய் கதைகளில் வருகிற பெயர்தான். 'நீ நோயாளி' என்று எந்தச் சுவரும் அந்தக் குழந்தைக்கு ஞாபகப்படுத்தக் கூடாது என்பதுதான் ஐடியா.

புற்றுநோய், சிக்கிள் செல் ரத்தசோகை போன்ற கடுமையான பிரச்னைகளோடு வாழும் குழந்தைகள் இங்கே வருகிறார்கள். குடும்பத்திடம் ஒரு பைசா வாங்குவதில்லை. இந்த ஒரு விதையிலிருந்து அயர்லாந்தின் 'பாரெட்ஸ்டவுன்' (1994), இத்தாலியின் 'டைனமோ கேம்ப்' (2007), ஹங்கேரியின் 'பாடோர் தாபோர்' என்று உலகெங்கும் கிளைகள் முளைத்தன. 'பாடோர் தாபோர்' என்றால் 'தைரியமான முகாம்' என்று அர்த்தம். இவையெல்லாம் இன்று 'சீரியஸ்ஃபன்' என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன.

இந்த யோசனை இன்னும் பழசு. இன்சுலின் ஊசி முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது 1922-ல். அடுத்த மூன்றே வருஷத்தில், 1925-ல், அமெரிக்காவின் மிச்சிகனில் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்காக ஒரு முகாம் தொடங்கிவிட்டது. மருந்து உயிரைக் காப்பாற்றியாச்சு, சரி... அந்த உயிரோடு குழந்தை என்ன பண்ணும்? விளையாட வேண்டாமா?

நீச்சல் குளத்தை ஏன் சூடாக்கணும்?

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண கேம்ப்தான். மீன்பிடிப்பு, வில்வித்தை, குதிரை, நாடக மேடை, மரத்தின் மேல் வீடு. ஆனால், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மருத்துவக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

உதாரணமாக, நீச்சல் குளம். சிக்கிள் செல் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து, சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். அப்போது வருகிற வலி தாங்க முடியாதது. குளிர்ந்த நீர் அந்த வலியைத் தூண்டிவிடக்கூடும். அதனால் குளத்து நீரைச் சூடாக்கி வைக்கிறார்கள். குளத்தைவிட்டு ஏறியதும் உடனே போர்த்திவிட ஆள் நிற்பார். 'நீ தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது' என்று சொல்வதற்குப் பதில் தண்ணீரை மாற்றிவிட்டார்கள். மொத்த முகாமின் தத்துவமும் இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடும்.

மரவீட்டுக்குப் படிக்கட்டு மட்டுமல்ல, வீல்சேர் ஏறுகிற சரிவுப் பாதையும் உண்டு. கயிறு ஏறும் விளையாட்டில் நடக்க முடியாத குழந்தையையும் பெல்ட் கட்டித் தூக்கிவிடுவார்கள். ஒரே ஒரு விதி: எதைச் செய்வது, எதுவரை செய்வது என்பதைக் குழந்தைதான் முடிவு செய்யும். ஏணியில் மூன்று படி ஏறிவிட்டு 'போதும்' என்றால், அந்த மூன்று படிக்கும் கைத்தட்டல்தான். 'இன்னும் ஒண்ணு ஏறுடா' கிடையாது. ஊசி எப்போது, ஸ்கேன் எப்போது, சாப்பாடு என்ன என்று எதிலுமே சொல்லுரிமை இல்லாத குழந்தைக்கு, 'போதும்' என்று சொல்லும் உரிமை எவ்வளவு பெரிய விஷயம்!

வாலன்டியருக்கு என்ன வேலை?

பொதுவாக 18 வயதைத் தாண்டியவர்களைத்தான் எடுக்கிறார்கள். விண்ணப்பம், நேர்காணல், பின்னணி விசாரணை, பயிற்சி... எல்லாம் முடிந்த பிறகுதான் குழந்தைகளோடு ஒரு கேபினில் தங்க அனுமதி.

காலையில் எழுப்பிப் பல் தேய்க்கவைப்பதில் ஆரம்பிக்கும் டியூட்டி. சாப்பாட்டுக் கூடத்தில் மேஜையைத் தட்டிப் பாட்டு. வெயிலில் வீல்சேர் தள்ளணும். நாடக ராத்திரியில் கோமாளி வேஷம் கட்டணும். நடு ராத்திரி 'அம்மாகிட்ட போகணும்' என்று அழுகிற குழந்தைக்குப் பக்கத்தில் உட்காரணும். மருந்து, ஊசி எல்லாம் டாக்டர், நர்ஸ் பொறுப்பு. வாலன்டியரின் பொறுப்பு சந்தோஷம். கேட்க ஈஸி. செய்துபார்த்தால், மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிடும்.

சில விஷயங்களில் கறார் காட்டுவார்கள்.

* எந்த வாலன்டியரும் ஒரு குழந்தையோடு தனியாக, யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கூடாது.
* போன் ஓரமாகப் போய்விடும். இஷ்டத்துக்கு போட்டோ எடுக்க முடியாது.
* நோயைப் பற்றி நீங்களாகக் கேட்கக் கூடாது. குழந்தை பேசினால் கேட்டுக்கொள்ளலாம்.
* முகாம் முடிந்ததும் குழந்தைகளை இன்ஸ்டாவில் தேடி நட்பு அழைப்பு அனுப்பக் கூடாது.

கடைசி விதி கல்நெஞ்சமாகத் தெரியலாம். ஆனால், ஒரு வாரம் உயிராகப் பழகிவிட்டு, அடுத்த மாதம் மெசேஜுக்கு ரிப்ளை பண்ண மறக்கிற 'அண்ணா', 'அக்கா'க்களால் குழந்தைக்கு வரும் வலி சின்னது இல்லை. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காமல் இருப்பதும் அன்புதான்.

இன்னொன்றையும் சொல்லியாகணும். இந்த வருஷம் வந்த எல்லாக் குழந்தைகளும் அடுத்த வருஷம் வர மாட்டார்கள். சிலர் குணமாகி, வளர்ந்து, இதே முகாமுக்கு வாலன்டியராகவே திரும்பி வருகிறார்கள். சிலர் வருவதே இல்லை. இது தெரிந்துதான் ஒருவர் இந்த வேலைக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

நல்ல மனசு மட்டும் போதாது பாஸ்!

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய். நுரையீரலில் கெட்டியான சளி கட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் குழந்தைகளுக்கும் அமெரிக்காவில் முகாம்கள் நடந்தன. அவர்கள் வாழ்க்கையில் தங்களைப் போலவே இருமுகிற இன்னொருவரைப் பார்த்த இடமே அதுதான். ஆனால், 1990-களின் தொடக்கத்தில் ஒரு அதிர்ச்சி. அவர்கள் நுரையீரலுக்கு ஆபத்தான ஒரு பாக்டீரியா, முகாமிலேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது தெரியவந்தது. முகாம்கள் மூடப்பட்டன. இன்று அந்த நோய் உள்ள இருவர் குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதே மருத்துவ விதி.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அன்பாகத்தான் கூட்டினார்கள். அந்தக் கூட்டமே ஆபத்தாகிவிட்டது. சளி, இருமலோடு 'பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம்' என்று வார்டுக்குள் நுழைகிற வாலன்டியர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. கீமோவில் இருக்கும் குழந்தையின் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாளில், நமக்குச் சாதாரணமான காய்ச்சல் அதற்கு ஐ.சி.யூ.

ஒரு வாரத்துல என்ன மாறிடும்?

நியாயமான கேள்வி. முகாம் எந்த நோயையும் குணப்படுத்தாது. போய்வந்த குழந்தைகளின் தன்னம்பிக்கை கூடுவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால், பலவும் சின்ன ஆய்வுகள். அந்த மாற்றம் எத்தனை மாதம் நிற்கும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 'வாழ்க்கையையே புரட்டிப் போட்டுடும்' என்பதெல்லாம் நன்கொடை கேட்கும்போது பேசுகிற பேச்சு.

வேறு மாதிரி கணக்குப் போடலாம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு, மாத்திரைக் காலத்தையும் சேர்த்தால் சிகிச்சை 2 முதல் 3 வருஷம். 6 வயதில் ஆரம்பித்தால், முடியும்போது 8 வயது தாண்டிவிடும். நினைவு தெரிந்த வாழ்க்கையில் பாதி ஆஸ்பத்திரி. அந்தப் பாதியை 'குணமான பிறகு வாழ்ந்துக்கலாம்' என்று தள்ளிவைக்க முடியுமா? குழந்தைப் பருவத்துக்கு அரியர்ஸ் எழுத முடியாதே.

கூடவே, வீட்டில் ஆரோக்கியமாக இருக்கிற அண்ணன், தங்கை. ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர் பாட்டி வீட்டுக்குப் போவார். பிறந்தநாள் மறக்கப்படும். 'நீயாவது படுத்தாம இரு' என்று கேட்டே வளர்வார். ஆஷ்ஃபோர்டு முகாம், இந்த உடன்பிறப்புகளுக்கென்றே தனி அமர்வு நடத்துகிறது. நாம் யோசிக்கவே யோசிக்காத கோணம் இது.

நம்ம ஊர்ல..?

'உயிரைக் காப்பாத்தவே பணம் இல்ல, இதுல கேம்ப் வேறயா?' என்று கேட்கலாம். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவிகிதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் அது 30 சதவிகிதத்துக்கும் கீழ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2030-க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவிகிதத்தை எட்டுவது அதன் இலக்கு. சிக்கிள் செல் தூரத்து நோயும் இல்லை. நீலகிரியின் பழங்குடிக் குடும்பங்களில் அது இருக்கிறது. 2047-க்குள் அதை ஒழிப்பதாக 2023 ஜூலையில் மத்திய அரசு தனித் திட்டமே தொடங்கியிருக்கிறது. சிகிச்சைதான் முதல் தேவை, சந்தேகமில்லை. ஆனால், அந்தச் சிகிச்சையைக் குழந்தை தாங்கி, பாதியில் விடாமல் முடிக்கவும் வேண்டுமே!

இப்போது நாம் செய்வது என்ன? பிறந்தநாளுக்கு கேக், பொம்மையோடு வார்டுக்குப் போவோம். ஒரு மணி நேரம். குரூப் போட்டோ. 'ஃபீலிங் பிளெஸ்டு' ஸ்டேட்டஸ். அந்தக் குழந்தையின் மொட்டைத்தலை நம் 400 ஃபாலோயர்களுக்குக் கன்டென்ட் ஆகிவிடும். அதனிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். பத்து வருஷம் கழித்து, அது காலேஜ் சேரும்போதும் அந்த போட்டோ இணையத்தில் இருக்கும்.

காடும் குளமும் உள்ள பெரிய முகாமை நாளைக்கே நம்மால் கட்ட முடியாது. ஆனால், அந்த முகாமின் ஒழுக்கத்தைக் கடன் வாங்கலாம்.

* தொடர்ந்து போங்க: வருஷத்துக்கு ஒரு நாள் பத்து பேர் போவதைவிட, வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரே ஆள் போவது மேல். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ, அங்கு ஏற்கெனவே இயங்கும் தன்னார்வ அமைப்பிடமோ கேட்டு, அவர்கள் விதிப்படி போங்க. பரமபதம், தாயம், கதை, கலர் பென்சில் போதும். புதுப் பொருளாகவோ, துடைத்துச் சுத்தம் செய்ய முடிந்ததாகவோ இருக்கட்டும்.
* உடம்பு சரியில்லையா, போகாதீங்க: லேசான சளி என்றாலும் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.
* தட்டணுக்கள் கொடுங்க: கீமோவில் இருக்கும் குழந்தைக்கு அடிக்கடி தேவைப்படுவது இது. எடுத்தால் 5 நாள்தான் தாங்கும். ஸ்டாக் வைக்க முடியாது. ரத்த வங்கியில் உங்கள் நம்பரைக் கொடுத்துவைத்தால், தேவைப்படும்போது கூப்பிடுவார்கள்.
* ஸ்டெம் செல் பதிவேட்டில் சேருங்க: சென்னையிலிருந்து இயங்கும் 'தாத்ரி' போன்ற பதிவேடுகளில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தாலே பதிவு முடிந்தது. ஒரே எச்சரிக்கை, அழைப்பு வரும் நாளில் 'வீட்ல வேணாம்கிறாங்க' என்று பின்வாங்கக் கூடாது. வீட்டில் பேசிவிட்டே பதிவு செய்யுங்கள்.
* போட்டோ வேண்டாம்: இதற்கு விளக்கம் தேவையில்லை.

2021 பிப்ரவரியில் ஆஷ்ஃபோர்டு முகாமில் தீப்பிடித்து, குழந்தைகள் கைவினை, சமையல், மரவேலை செய்த கட்டடங்கள் எரிந்துபோயின. யாருக்கும் காயமில்லை. கொரோனாவால் அப்போது முகாமே ஆன்லைனில்தான் நடந்துகொண்டிருந்தது. ஆக, கட்டடம் இல்லாமலும் கேம்ப் நடந்தது. குழந்தையோடு விளையாட ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த முறை வார்டு வாசலில் ஒரு குழந்தையைப் பார்த்தால், முகத்தில் அந்த 'அச்சோ' வர விடாதீங்க. அது தினமும் இருபது பேர் முகத்தில் அதைப் பார்க்கிறது. 'தாயம் ஆடத் தெரியுமா?' என்று கேளுங்க. தெரியாது என்றால் சொல்லிக் கொடுங்க. தெரியும் என்றால் ஜாக்கிரதை... உங்களைத் தோற்கடிக்கப் போகிறது!